அட்டைப்படத்தில் ஓர் இடது கை

சேசு மரி சூசை துணை

புதுக்கோட்டை,
1944 ஜனவரி 20

என் அக்காள் மகள் சூசைமேரிக்கு மாமன் பங்கிராஸ் எழுதிக்கொண்டது.

இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது உன் கார்டு வந்திருக்கிறது. மெட்ராசில் ‘வெண்சங்கு’ பத்திரிகை ஆபீசை வேறு கட்டிடத்துக்கு மாற்றினார்களாம். உன் வீட்டுக்காரன் சந்தனராஜ் வரைந்த அட்டைப்படத்தின் அசல் அங்கே அகப்பட்டதாம். பின்பக்கம் உன் விலாசம் இருந்ததால் பார்சலில் அனுப்பிவிட்டார்களாம். படித்ததும் நான் ஆச்சரியப்படவே இல்லை.

அவன் நாற்பத்தொன்று தையில் படம் எழுதிப் பிழைக்க ரங்கூனுக்குப் போனான், நீ பங்குனியில் கோயம்புத்தூர் கான்வென்டுக்குத் தையல் டீச்சராகப் போனாய். அந்த வருஷம் மார்கழியில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அதற்கப்புறம் அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. ஊரே அவன் போய்விட்டான் என்றபோது நான் ஒருவன்தான் இருக்கிறான் என்றேன். சந்தேகமானால் உன் அத்தை ஜெபமாலையைக் கேட்டுப் பார். அவள் இல்லை என்பாள். அவளுக்கு ஞாபகசக்தி போதாது.

உன்னிடம் இதுவரை சொல்லாத சங்கதி ஒன்று இருக்கிறது. அவன் ரயிலேறின அன்று நீ கோபத்தில் ஆவூரிலேயே இருந்துவிட்டாய். ஸ்டேஷனுக்குப் போனது நான்தான். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “மாமா, மேரிய ஒரு அட்டைப்படத்துல வரைவேன். அது பத்திரிகையில வந்துருச்சுன்னா நான் ஊருக்குப் பொறப்பட்டுட்டேன்னு வச்சுக்கங்க.” காலம் வரட்டும் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். வந்துவிட்டது.

சர்வேசுரன் கிருபையால் இங்கு இருவரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி. உன் சளி எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் மாமன்,
ஆ. பங்கிராஸ், படக்கடை

*

கோயம்புத்தூர்,
1944 பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் சூசைமேரியின் தோத்திரம். சளி குறைந்திருக்கிறது. அத்தைக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி எழுதுங்கள் மாமா. அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே. மூன்று வருஷமாக அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன்.

படத்தைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கெட்டி அட்டையில் வர்ணம். ஒரு பெண் குனிந்து வாசலில் அகல் ஏற்றுகிறாள். பச்சைச் சேலை. கீழே வலது மூலையில் ‘சந்தனம்’ என்று அவர் கையெழுத்து. பின்பக்கம் என் விலாசம், அச்சுக்கு பிளாக் செய்தவரின் ரப்பர் ஸ்டாம்பு, சிவப்புப் பென்சிலில் ஓர் அம்புக்குறி. தேதி எங்குமே இல்லை.

முகம் என்னுடையதில்லை. என் மூக்கு இவ்வளவு எடுப்பாக இருந்ததில்லை. ஆனால் அவள் இடது கையால் திரியை ஏற்றுகிறாள். சின்ன வயதில் என் இடது கையைச் சேலைத் துணியால் அம்மா கட்டிப்போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்கும் எனக்குக் கத்தரி அந்தக் கையில்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்கே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மரியசெல்வம் என்னைப் பெண் கேட்டிருக்கிறார். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, “குண்டு விழுந்த பிறகு உன் புருஷன் உயிரோடு இருந்ததுக்கு எதாச்சும் அடையாளம் உண்டாம்மா? இல்லைன்னா மேற்றிராணியாருக்கு எழுதி மறு கலியாணத்துக்கு அனுமதி கேட்போம்” என்றார். எனக்கு மேற்றிராணியார் அனுமதி வேண்டாம், மாமா. இருக்கிறாரா என்று தெரிந்தால் போதும்.

இந்தப் படம் எந்த இதழின் அட்டையில் வந்தது? குண்டு விழுமுன் வந்ததா, பிறகா? பத்திரிகை ஆபீசுக்கு எழுதினேன். கட்டிடம் மாறினபோது பழைய ஆட்களும் போய்விட்டார்கள், இதழ்க் கட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது என்று பதில் வந்தது. நம் ஊர்ப்பக்கம் அட்டைப்படங்களுக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவர் நீங்கள். உங்களைவிட்டால் யாரைக் கேட்பேன்.

மேரி

*

புதுக்கோட்டை,
1944 பிப்ரவரி 26

அன்பு மேரிக்கு மாமன் எழுதுவது. தைலம் கிடைத்தது. அத்தை முழங்காலில் தடவினதில் பாதியைத் தலைவலிக்கு நான் தடவிவிட்டதாகப் புகார். நம்பாதே.

சரியான ஆளிடம்தான் கேட்டாய். இந்தச் சமஸ்தானத்தில் சுவரில் தொங்குகிற அட்டைப்படங்களில் முக்கால்வாசி என் கை பட்டது. அரண்மனைச் சமையல்கட்டில் மாட்டியிருக்கிற மயில் படம்கூட என் வேலைதான். சந்தனராஜுக்கு முதன்முதலில் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று உனக்குத் தெரியும். அது பசை தடவுகிற தூரிகை என்று அத்தை சொல்வாள். தூரிகை தூரிகைதான்.

கடையை மூன்று நாள் பூட்டிப்போட்டுவிட்டுக் கிளம்பினேன். கீழ ராஜ வீதி முழுக்கப் பார்த்தாயிற்று. பிறகு விராலிமலைக்கு பஸ் ஏறினேன். அங்கே சிவசாமியின் சலூனில் நான்கு சுவரும் ‘வெண்சங்கு’ அட்டைகள்தான், அத்தனையும் நான் கண்ணாடி போட்டவை. விளக்கு ஏற்றுகிற பெண் மட்டும் இல்லை. எந்தெந்த மாதத்து இதழ்கள் விட்டுப்போயிருக்கின்றன என்று கண்டுபிடித்துவிடலாம் என்று கிட்டே போய்ப் பார்த்தேன்.

“ஏப்பா, இதுல ஒண்ணுலயும் தேதியக் காணோமே?”

“தேதியா? நீங்கதானண்ணே கத்தரிச்சீங்க. ஓரம் அசிங்கமா இருக்கு, கத்தரிச்சாத்தான் படம் எடுப்பா நிக்கும்னு சொன்னீங்களே.”

சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவன் சோப்பு நுரையோடு சிரித்தான். தொழில் தெரியாதவனுக்கு என்ன தெரியும். பத்திரிகைக்காரன் அடிச்சட்டத்தில் மாசத்தையும் விலையையும் அச்சடிக்கிறான். அது பிரேமுக்குள் தெரிந்தால் பார்க்கிறவன் கண் படத்துக்கா போகும், விலைக்குத்தானே போகும். அதனால் எப்போதும் வெட்டிவிடுவேன். பின்பக்கத்தில் விளம்பரம் பார்த்துக் காலம் கண்டுபிடிக்கலாமென்றால், மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின என் பசையில் ஒட்டினதைப் பிரிக்க என்னாலேயே முடியாது. அவ்வளவு சுத்தமான வேலை.

நீ கேட்டது: வண்டி நகர்ந்துவிட்டது. ரயில் கார்டு பச்சைக்கொடி காட்டுகிறார். அவன் வாசற்படியில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான், கண்ணில் ஜலம். “மேரிய வரைவேன் மாமா. படம் வந்தா நான் வாரேன்னு அர்த்தம்.” இதுதான் வார்த்தை. நான் கூடவே ஓடினேன்.

தபசு காலம். கறி இல்லாமல் சுத்தபோசனமாக இருக்கிறோம். உடம்பைக் கவனித்துக்கொள்.

பங்கிராஸ்

*

கோயம்புத்தூர்,
1944 மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்குத் தோத்திரம். நலம்.

போன தடவை ஜன்னல் என்று எழுதினீர்கள், இப்போது வாசற்படி என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவானாலும் சரி. சொன்னது அதுதானே.

ஆவூரில் கல்யாணமான புதிதில் நான் தைக்கும்போது எதிரில் உட்கார்ந்து வரைவார். எட்டிப் பார்த்தால் காகிதம் முழுக்க என் கையாக இருக்கும். ஊசி பிடித்த கை, நூல் கடிக்கத் தூக்கின கை. “மொகம் ஒண்ணு இருக்கு, தெரியுமா?” என்பேன். “அது எங்க போயிறப் போகுது” என்பார்.

போகாதே என்று நான் ஒரு தடவைதான் சொன்னேன். பிறகு பேசாமல் இருந்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு வந்திருந்தால் அந்த வார்த்தையை நானே கேட்டிருப்பேன். நீங்கள் கேட்டுவைத்தீர்களே, அது போதும்.

இன்னும் தேடுங்கள் மாமா. உங்களிடம் கண்ணாடி போட வராத வீடுகளிலும் பாருங்கள்.

மேரி

*

புதுக்கோட்டை,
1944 ஏப்ரல் 14

அன்பு மேரி,

கிடைத்துவிட்டது. நான் சொன்னேனா இல்லையா.

உனக்கும் உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. ஆவூரில் இந்த வருஷம் தேர் நன்றாக ஓடிற்று. நான் ஒரு கை பிடித்தேன், அதற்கப்புறம்தான் நகர்ந்தது. அத்தைக்கு வெயிலில் மயக்கம் வந்து இப்போது தேவலை.

திருநாள் முடிந்து கறம்பக்குடிச் சந்தைக்குக் கண்ணாடி வாங்கப் போனேன். அங்கே தங்கமுத்து என்பவரின் மளிகைக் கடையில் வெல்ல மூட்டைக்குப் பின்னால் சுவரில் அவள் நிற்கிறாள். குனிந்த தலை, அகல், பச்சைச் சேலை, எல்லாம் நீ எழுதினபடி. எலி வளையை மறைக்க அவரே நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டியிருக்கிறார். என் கடைக்கு வராததால் தேதி பிழைத்தது. அடிச்சட்டத்தில் கொட்டை எழுத்து: 1943 டிசம்பர், கார்த்திகை தீப இதழ்.

நாற்பத்துமூன்று, மேரி. குண்டு விழுந்தது நாற்பத்தொன்றில். செத்தவன் இரண்டு வருஷம் கழித்து எப்படி வரைவான்? நான் வெல்ல மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். தங்கமுத்து, “என்னண்ணே, கிறுகிறுன்னு வருதா, தண்ணி தரவா?” என்றார். “ஒண்ணுமில்லப்பா, எங்க மாப்பிள்ளை எழுதின படம் இது” என்றேன். கடைக்கு வந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். இருநூறு பேர் இருக்கும். ஒரு கிழவர் என் காலைத் தொட வந்தார், நான் விடவில்லை.

ஜப்பான்காரன் பிடியிலிருந்து தப்பி, அஸ்ஸாம் பக்கமோ கல்கத்தாப் பக்கமோ இருந்துகொண்டு படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறான். கையில் பணம் சேர்ந்ததும் வருவான். கல்கத்தா எனக்கு உள்ளங்கை மாதிரி. வேண்டுமானால் போய்க் கூட்டிவருகிறேன்.

மாமன்

*

கோயம்புத்தூர்,
1944 ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் தோத்திரம். அத்தையை வெயிலில் நடக்க விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கோவிலில் வைத்துப் படித்தேன். வகுப்பில் படித்தால் பிள்ளைகள் பயந்துவிடும்.

சாமியார் முன்னிலையில் மரியசெல்வத்திடம் சொல்லிவிட்டேன், என் புருஷன் இருக்கிறார் என்று. அவர் கொஞ்ச நேரம் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, “சந்தோஷம் டீச்சர்” என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, பர்மா அகதிகள் வந்து சேர்ந்த கல்கத்தா முகாம்களின் விலாசம் தெரிந்த ஒரு டாக்டருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றும் சொன்னார்.

நேற்று தலையில் பூ வைத்தேன். தையல் வகுப்புப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். ஒருத்தி, “டீச்சர், இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்?” என்றாள். எனக்கு என்று சொல்லியிருப்பேன்.

அந்த அட்டையை எப்படியாவது எனக்கு அனுப்புங்கள். சுவரைப் பெயர்க்கிற செலவை நான் தருகிறேன் என்று தங்கமுத்து அவர்களிடம் சொல்லுங்கள். முடியாதென்றால் ஒன்று மட்டும் பார்த்து எழுதுங்கள்: வலது மூலையில் ‘சந்தனம்’ இருக்கிறதா?

மேரி

*

புதுக்கோட்டை,
1944 ஜூன் 11

அன்பு மேரிக்கு மாமன் எழுதுவது. சுகம். சுகத்துக்குப் பதில் கோருகிறேன்.

பதில் தாமதமாகிவிட்டது. கோடையில் கண்ணாடி தட்டுப்பாடு, யுத்தத்தில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு, ஆணிகூடக் கிடைப்பதில்லை. அத்தை மாவடு போட்டிருக்கிறாள், ஆள் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். ஆவூரில் உன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. மேற்குச் சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறது. மழைக்கு முன்னால் பூசிவிடுகிறேன்.

தங்கமுத்து சுவரைத் தொடவிடமாட்டேன் என்கிறார். எலி வந்துவிடுமாம். நல்ல மனிதர், ஆனால் பிடிவாதக்காரர்.

பஸ் ஸ்டாண்டில் ‘வெண்சங்கு’ ஏஜென்ட் அழகுமலையைப் பார்த்தேன். அவன் ஏதோ உளறினான். அவன் உளறல் உனக்கெதற்கு.

படம் நன்றாகவே அச்சாகியிருக்கிறது, கவலைப்படாதே. அவள் வலது கையால் லட்சணமாக விளக்கு ஏற்றுகிறாள். பார்க்கிறவர்கள் கும்பிடுகிறார்கள்.

பூ வைத்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். புகையால் இருமினாள் என்று நினைக்கிறேன்.

பங்கிராஸ்

*

கோயம்புத்தூர்,
1944 ஜூன் 16

அன்புள்ள மாமாவுக்குத் தோத்திரம். நலம். மாவடுவுக்கு அத்தையிடம் நன்றி சொல்லுங்கள்.

வலது கையா? என்னிடம் இருக்கிற அசலில் அவள் இடது கையால்தான் ஏற்றுகிறாள். அதற்காகத்தானே அவளை நான் என்று நினைத்தேன்.

கையெழுத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அழகுமலை என்ன உளறினார் என்றும் எழுதவில்லை.

கறம்பக்குடிக்கு இன்னொரு நடை போய்வாருங்கள் மாமா. முந்தானை எந்தத் தோளில் போகிறது என்று பார்த்து அதை மட்டும் எழுதினால் போதும். வேறெதுவும் வேண்டாம்.

மேரி

*

புதுக்கோட்டை,
1944 ஜூலை 9

அன்பு மேரி,

முந்தானை வலது தோளில் போகிறது. ரங்கூன் பக்கம் அப்படிக் கட்டுவார்களோ என்னவோ.

வலது மூலையில் கையெழுத்து இல்லை, இடது மூலையில் துளசிச் செடி மாதிரி ஒன்று இருக்கிறது.

சுவர் பூசியாயிற்று. அத்தை விசாரித்தாள்.

மாமன்

*

கோயம்புத்தூர்,
1944 ஜூலை 15

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் தோத்திரம்.

எங்கள் தையல் அறையில் பிள்ளைகள் உடுப்புப் போட்டுப் பார்க்க ஆள் உயர நிலைக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. எல்லாரும் போனபிறகு அசலை அதன்முன் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அவள் வலது கையால் விளக்கு ஏற்றினாள். முந்தானை வலது தோளுக்குப் போயிற்று. ‘சந்தனம்’ இடது மூலையில் இடவலம் மாறித் தெரிந்தது. சேலை கட்டத் தெரிந்த எவளும் முந்தானையை அந்தத் தோளில் போடமாட்டாள் மாமா. அவருக்கு அது தெரியும். தங்கமுத்து கடையில் இருப்பது அவர் புதிதாக வரைந்ததில்லை. இதே படத்தைப் பத்திரிகைக்காரர்கள் திருப்பிப்போட்டு, கையெழுத்தைச் செடியால் மறைத்து அச்சடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் நேராக அச்சானது அதற்கு முன்னாலேயே ஒரு தடவை வந்திருக்கவேண்டும்.

நீங்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் ஜூன் மாதக் கடிதத்தை எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. சுவர் பூசினதற்கு நன்றி.

முதல் தடவை எப்போது வந்தது என்று கண்டுபிடியுங்கள். குண்டுக்கு முன்னால் வந்திருந்தாலும் நான் கலங்கமாட்டேன். யோசித்துப் பாருங்கள்: படம் வந்துவிட்டால் புறப்பட்டுவிட்டேன் என்று அர்த்தம் என்று அவர் உங்களிடம் சொன்னாரே. படம் வந்தது நிஜம். அப்படியானால் குண்டு விழும்போது அவர் ரங்கூனில் இல்லை. வழியில் இருந்தார். கப்பலிலோ, கரையிறங்கிக் கல்கத்தாவில் நோயாகவோ.

மரியசெல்வம் சொன்ன டாக்டர் பதில் எழுதியிருக்கிறார், கல்கத்தாவுக்கு நேரில் வந்தால் முகாம்களில் விசாரிக்க உதவுகிறேன் என்று. ஆகஸ்டு கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன். அங்கே பஞ்சமும் கொள்ளைநோயும் என்று கான்வென்டு மதர் தடுக்கிறார்கள். வேலைக்குத் திரும்ப இடமிருக்காது என்றும் சொல்கிறார்கள். இருக்கட்டும். அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போகாமல் இருந்தவள் இதற்காவது போகவேண்டாமா? என் கையில் இருப்பது அவர் உங்களிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். அதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

மேரி

*

சேசு மரி சூசை துணை

புதுக்கோட்டை,
1944 ஆகஸ்டு 16

என் அக்காள் மகள் சூசைமேரிக்கு மாமன் பங்கிராஸ் எழுதுவது.

நேற்று மாதாவின் மோட்ச ஆரோபணத் திருநாள். உனக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம். சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

இத்துடன் ஒரு சுருள் அனுப்பியிருக்கிறேன். மடியாமல் பிரி. நீ தேடச் சொன்ன முதல் அட்டை அதுதான். எங்கே கிடைத்தது என்று சொன்னால் சிரிப்பாய். என் கடைப் பரணில்.

அழகுமலை அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் உளறினது இதுதான்: “அண்ணே, அது பழைய படம்ண்ணே. பொம்பளை பீச்சாங்கையால வெளக்கேத்துறான்னு அன்னைக்கே எத்தனை பேரு எம்மூஞ்சில விட்டெறிஞ்சாங்க தெரியுமா. யுத்தத்துல புதுசு போட வழியில்லாம அதையே இப்பத் திருப்பிப் போட்டுருக்கான்.” அவன் சொல்லும்போதே வளையல் கடை முனியசாமி கண்ணாடி போடக் கொண்டுவந்த படம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மாட்டின மறுநாளே தூக்கிக்கொண்டு ஓடிவந்தான், பின்னாலேயே அவன் பெண்சாதி. “வெளக்கப் பீச்சாங்கையால ஏத்துறவ படத்த வீட்டுல மாட்டுனா குடும்பம் வெளங்குமா, நீங்களே சொல்லுங்க.” நானும் சிரித்தேன். வரைந்தவனுக்குக் கை எது, கால் எது என்று தெரியவில்லை என்று சொன்னேன். பிரேமில் வேறு படம் போட்டுக் கொடுத்துவிட்டு, இதை ஒரு நிலைக்கண்ணாடிக்கு முட்டாகப் பரணில் சொருகினேன்.

அதை இப்போது இறக்கினேன். தேதியில்லை, நான்தான் வெட்டியிருக்கிறேன். கையெழுத்தும் இல்லை, அதுவும் என் கத்தரிக்குத்தான் போயிருக்கிறது. தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு நாள் கழித்து நகத்தால் பசையைச் சுரண்டினேன். பின்பக்கத்தில் ஒரு விளம்பரம்: சந்தாவைப் புதுப்பித்தால் 1942-ம் வருஷக் காலண்டர் இலவசம். அழகுமலையும் அது நாற்பத்தொன்று கார்த்திகை இதழ்தான் என்று சத்தியம் செய்கிறான். ரங்கூனில் குண்டு விழுந்தது அதற்கு அடுத்த மாதம். குண்டுக்கு முந்தி வரைந்ததுதான், மேரி. அதற்குப் பின்னால் அவன் இருந்தான் என்று சொல்ல இந்தப் படத்தால் முடியாது. இல்லை என்று சொல்லவும் முடியாது.

முகம் உன்னுடையதில்லை என்று எழுதியிருந்தாய். நான் முனியசாமியோடு சேர்ந்து சிரித்த அந்தக் கையை இப்போது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். சுட்டுவிரல் வளைந்து திரியைத் தள்ளுகிறது. நீ கத்தரி பிடிக்கிற வளைவு அது. ஊரில் அத்தனை பேரும் தப்பு என்று சொல்லக்கூடிய ஒன்றை அவன் தெரிந்துதான் வரைந்திருக்கிறான். அவ்வளவு தூரத்திலிருந்தும் அதை மாற்றவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கல்கத்தாவுக்குப் போகத்தான் போகிறாய் என்றால் தனியாகப் போகாதே. நானும் வருகிறேன். கல்கத்தா உள்ளங்கை மாதிரி என்று எழுதியிருந்தேன். திருச்சிக்கு அங்கிட்டு நான் போனதில்லை. இருந்தாலும் மூட்டை தூக்க ஓர் ஆள் வேண்டுமே.

இப்படிக்கு உன் மாமன்,
ஆ. பங்கிராஸ், படக்கடை

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் உன் அத்தை பக்கத்திலிருந்து எழுந்திருக்கமாட்டேன் என்கிறாள். “மிச்சத்தையும் எழுதுங்க. அந்தப் பிள்ளை ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டு ரயிலேறப் போகுது. நீங்க எழுதலைன்னா அழகுமலையக் கூப்பிட்டு நான் எழுதச் சொல்லுவேன்” என்கிறாள். அழகுமலை எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். நானே எழுதுகிறேன்.

அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போகத்தான் கிளம்பினேன். வழியில் காபிக் கடையில் நின்றேன். என் மாப்பிள்ளை ரங்கூன் போகிறான், அங்கே கவர்னர் பங்களாவுக்கே அவன்தான் படம் எழுதப்போகிறான் என்று நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். காபி ஆறுவதற்குள் ஊதல் கேட்டது. ஓடினேன். பிளாட்பாரத்தில் ஏறும்போது கடைசிப் பெட்டி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஒரு ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடிற்று. அது அவன் கைதானா என்று எனக்குத் தெரியாது.

அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, மேரி. அந்த வார்த்தை நான் கட்டினது.